நம் கோதையும் ஸ்பெஷல் என்ற அந்தச் சொல்லும்

காட்டூர், திருச்சி - 19
ஆடி மாதம் 6ஆம் தேதி

என் அன்பு மகள் வித்யாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் மலைக்கோட்டையில் இருப்பவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் சண்டை போடுகிறது, எனக்கு வாய் மட்டும் பழையபடி. அங்கே நீயும் மாப்பிள்ளை ஸ்ரீநிவாஸும் கோதைக் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற சேதி ஒன்றே எங்களுக்குப் போதும். எட்மன்டனில் இப்போது ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிறதாமே, அந்த வெளிச்சத்தில் குழந்தை எப்படித் தூங்குகிறாள் என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள், சூரியனை நான் வேலைக்கு வைத்திருப்பது போல. வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே கண்ட்ரோல் ஆபீஸில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களிடம் பேசியே தலை நரைத்தவன் நான். போனைக் கையில் எடுத்தால் எனக்கு உத்தரவுதான் வரும், அப்பா சாப்பிட்டாயா என்று கேட்டால் கூட விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பது போல இருக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அது போக, இந்தக் கவரில் பன்னிரண்டு அட்டைகள் இருக்கின்றன. அவை கோதைக்கு. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், அது வரை பிரிக்காதே. இதற்குள் பிரித்திருப்பாய், பரவாயில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆனி மாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் செய்தபோது அம்மா இட்லி ஊற்றிக்கொண்டிருந்ததால் நான்தான் எடுத்தேன். எடுத்ததும் நீ மூச்சு விடாமல் சொன்னாய், “ஸ்கூல்லயும் டாக்டரும் ஆறு மாசமா பார்த்து ஆட்டிசம்னு எழுதிக் கொடுத்துட்டாங்கப்பா, நம்ம கோதை ஸ்பெஷல் சைல்டுப்பா. ஆவணில அவர் தம்பி கல்யாணத்துக்கு அவர் மட்டும் வருவார், எங்க ரெண்டு பேர் டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிடப் போறோம், நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லிக்க வேண்டாம்.” அப்பா லைன்ல இருக்கீங்களா என்று நீ இரண்டு தடவை கேட்டாய். நான் போனை அம்மா கையில் திணித்துவிட்டு, செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கிவிட்டேன். இந்த மனுஷன் பேத்தியை நினைத்து வெட்கப்படுகிறார் என்று நீ அம்மாவிடம் அழுதாயாம். வித்யா, வெட்கம் வந்தது உண்மை. அது என்னை நினைத்து வந்த வெட்கம். இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்திருக்கிறது.

போன மார்கழியில் நீங்கள் வந்திருந்தபோது எனக்குப் பேத்தியை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று ஒரே ஆசை. ஆறு வயதாகியும் நாலைந்து சொல்லுக்கு மேல் பேசவில்லையே என்று நீ கவலைப்பட்டபோது, தமிழா இங்கிலீஷா என்று குழந்தை குழம்பிப் போயிருக்கிறாள், நாலு மனிதர் முகத்தைப் பார்த்தால் தானாகப் பேசுவாள் என்று நான்தான் பெரிய டாக்டர் மாதிரி தீர்ப்புச் சொன்னேன். ஏகாதசிக்கு மறுநாள் ஸ்ரீரங்கத்தில் கூட்டமாக இருக்கும், வேண்டாம்ப்பா என்று நீ சொன்னாய். ஸ்பெஷல் தரிசனத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அந்த வரிசையும் ஒரு மணி நேரமாக நகரவில்லை. மேளம் ஆரம்பித்ததும் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கல் தரையில் உட்கார்ந்து கத்தத் தொடங்கினாள். பின்னால் நின்ற ஒரு அம்மாள், புள்ளைய வளத்த லட்சணத்தப் பாரு என்றாள். அது காதில் விழுந்ததும் எனக்குப் புத்தி கெட்டுப் போயிற்று. குழந்தையின் கைகளைப் பிடித்துக் காதிலிருந்து பிய்த்து எடுத்தேன், எழுந்திரு என்று அதட்டினேன், அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். உடனே உன் பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னால், செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறாய் என்று சொன்னேன். நீ அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே போனாய். அப்புறம் டிக்கெட்டை மாற்றி நாலு நாள் முன்னாலேயே கிளம்பிவிட்டீர்கள், ஏர்போர்ட்டில் நான் கையாட்டியபோது நீ திரும்பவே இல்லை. அந்தச் சொல்லை நீ போனில் சொன்னதும் எனக்கு அந்த வரிசைதான் கண் முன்னால் வந்தது, வாய் அடைத்துவிட்டது. அவளிடமும் உன்னிடமும் நான் நடந்துகொண்டது தப்பு. அப்பா மன்னிப்புக் கேட்கிறேன். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்திருந்தால் பாதியில் தொண்டையைக் கனைத்துவிட்டு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்திருப்பேன், என் லட்சணம் உனக்குத் தெரியும்.

அன்றைக்குத் தெருவில் இறங்கியவன் மெயின் ரோட்டில் நசுருதீன் பாய் டீக்கடையில் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம், “சாருக்கு ஸ்பெஷலா ஒண்ணு போடுப்பா” என்றார். எனக்குச் சுருக்கென்றது. டிகாக்‌ஷன் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான், ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடாமல் துரத்துகிறது. இத்தனை வருஷம் நாமும் அதை வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம், ஒரு நாளாவது நின்று யோசித்திருக்கிறோமா? சாதா தோசைக்கும் ஸ்பெஷல் தோசைக்கும் நடுவில் ஒரு கரண்டி நெய்தான். திருவிழாவுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டிருக்கிறார்கள் என்று ஓடிப் போய் ஏறினால் அதே பழைய பஸ்தான், கண்ணாடியில் ஒட்டிய தாள் மட்டும் புதிது. அம்மாவின் முழங்காலைக் காட்டத் தில்லை நகர் போனோம், அங்கே ஸ்பெஷலிஸ்ட் என்று ஒருவர், முழங்காலைத் தவிர வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் அது என் லைன் இல்லை என்கிறார். ஸ்பெஷல் வார்டு என்றால் தனி அறை, வலி என்னவோ பொது வார்டில் இருப்பவருக்கு வருகிற அதே வலி. நீ பத்தாவது படிக்கும்போது சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ரேங்க் வாங்கப்போகிற உங்களுக்கு ஒரு அறையில், கணக்கில் ஃபெயிலானவர்களுக்குப் பக்கத்து அறையில், இரண்டுக்கும் அதுதான் பெயர். வாசலில் நின்று உன்னைக் கூப்பிட வந்த நான், உன் அறையைக் கை காட்டி என் பெண் இந்த ஸ்பெஷல் கிளாஸ் என்று தெரியாதவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட மனுஷன் நான்.

இதையெல்லாம் அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, “நமக்கு அது விசேஷம்தானேங்க. கல்யாணம்னாலும் விசேஷம், காதுகுத்துன்னாலும் விசேஷம். கோதை வயித்துல இருக்கறப்ப எம்பொண்ணு விசேஷமா இருக்கான்னு தெருவெல்லாம் சொன்னேனே” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டைப் பிரித்தாள். எனக்கு என்னமோ, ரொம்பப் பிடித்ததற்கும் அந்தச் சொல்லையே வைக்கிறார்கள், என்ன சொல்வதென்று தெரியாதபோதும் அதையே எடுத்து மேலே போர்த்திவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. உங்கள் ஊர் ஸ்கூலில் அதை எந்த மனசோடு எழுதினார்கள் என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. ஆனால் நான் சம்பளம் வாங்கிய இடத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம் இருந்தது. அதை உனக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் மேஜையில் தினமும் ஒரு பெரிய கிராஃப் தாள் விரித்திருப்போம், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு, எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு என்று அதில் இழுத்துக்கொண்டே போவோம். டைம்டேபிளில் உள்ள வண்டிக்கு ஏற்கெனவே வழி உண்டு. ஸ்பெஷல் வண்டிக்குக் கிடையாது. ஸ்பெஷல் வருகிறது என்றால் அதற்கு வழி உண்டாக்க வேண்டியது கண்ட்ரோலர் வேலை. ஒரு தடவை திருவெறும்பூர் ஃபேக்டரியிலிருந்து பாய்லர் பாகம் ஒன்றை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பெஷல் போக வேண்டும். சாமான் வண்டியை விட அகலம், மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், பக்கத்து லைனில் வேறு வண்டி வரக் கூடாது. வையம்பட்டியில் பீமராவ் என்று ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார், நல்ல மனுஷர், வாய் கொஞ்சம் அதிகம். “ஏன் சார், எக்ஸ்பிரஸ்ஸ நிக்க வெச்சுட்டு இந்த ஆமைய விடச் சொல்றீங்களா?” என்றார். ஆமாங்க, அதுக்குத்தான் கண்ட்ரோலர்னு ஒருத்தன் இங்க உக்காந்திருக்கேன் என்றேன். அன்றைக்கு நாலு வண்டியை அங்கங்கே நிறுத்தி, அதற்குச் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு இழுத்து, பத்திரமாக அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறாய், ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய் என்று அந்த வண்டியை யாரும் திட்டவில்லை. இது அத்தனையும் தெரிந்தவன்தான் சொந்தப் பேத்தியை அந்த வரிசையில் அதட்டினேன். குழந்தையைப் போய் பாய்லரோடு ஒப்பிடுகிறீர்களே என்று அம்மா கோபித்துக்கொண்டாள், நீயும் கோபித்துக்கொள்வாய், எனக்குத் தெரிந்த உவமை அதுதான்.

ஆனால் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்து செய்த காரியத்தைக் கேள். ரிட்டயர் ஆகும்போது கொண்டு வந்த கிராஃப் தாள் ஒரு கட்டு பீரோவில் இருந்தது. அதை எடுத்து, நீங்கள் வந்தால் தங்கப்போகிற இருபத்தொரு நாளுக்கும் ஒரு சார்ட் போட்டேன். ஏழு மணி எழுந்திருத்தல், ஏழரை குளியல், பத்திலிருந்து பதினொன்று பேச்சுப் பயிற்சி, பதினொன்றரை பெரியம்மா வீட்டார் வருகை, நாலு மணி சமயபுரம், ஆறு மணி மலைக்கோட்டை, இடையில் ஒரு நிமிஷம் காலி இல்லை. கலர் பென்சில் வேறு. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தில்லை நகரில் இந்த மாதிரிக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒரு சென்டருக்குப் போனேன். அங்கே சம்ரீன் என்று ஒரு டீச்சர், உன்னை விட ஐந்தாறு வயது சின்னவள், வேலையில் கெட்டிக்காரி. மேஜை மேல் தாளை விரித்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று பெருமையோடு நின்றேன். அந்தப் பெண் பொறுமையாக முழுவதையும் படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “சார், இதுல எல்லாரும் வர்றாங்க, போறாங்க. பாப்பா எப்ப சும்மா இருப்பா?” என்று கேட்டாள். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் என் சார்ட்டில் இவ்வளவு பெரிய தப்பை யாரும் கண்டுபிடித்ததில்லை. ஸ்பெஷல் வண்டியை ஓடவிட்டுவிட்டு எல்லா வண்டியையும் அதே லைனில் நானே விட்டிருக்கிறேன்.

சம்ரீன் என்னைத் திருப்பி அனுப்பிவிடவில்லை. “சார்ட் போடறது நல்ல விஷயம் சார், அடுத்தது என்ன வரும்னு முன்னாடியே தெரிஞ்சா பாப்பாவுக்குப் பயம் குறையும். ஆனா எழுத்து வேணாம், படமா இருக்கட்டும். ஒரு நாளைக்கு மூணு விஷயம், அதுக்கு மேல வேணாம். மத்ததெல்லாம் காலியா விடுங்க” என்றாள். வாரம் இரண்டு நாள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒரு பையன் என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான், போகும்போது என் விரலை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனான். அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை எனக்குச் சிரிப்பாகவே இருந்தது. இந்தக் குழந்தைகளை ஸ்பெஷல் என்று சொல்லலாமா, கூடாதா, எது மரியாதை என்று அவளிடம் கேட்டேன். “ஃபார்ம்ல எழுத அந்த வார்த்தை வேணும் சார், எழுதிக்கலாம். வீட்டுல பாப்பாவ பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, இன்ஷா அல்லாஹ் திரும்பிப் பார்ப்பா” என்றாள். இதை விட நல்ல பதிலை நான் எந்த ஸ்பெஷலிஸ்டிடமும் கேட்கவில்லை.

இப்போது அட்டைகளுக்கு வருகிறேன். பன்னிரண்டும் நானே போனில் எடுத்த போட்டோ, ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு அட்டையில் ஒட்டியது. பின்னால் நம்பர் இருக்கிறது. முதல் படம் ஏர்போர்ட் வாசலில் எடுத்த செல்ஃபி, நீங்கள் வரும்போதும் அங்கே நான் இதே நீலச் சட்டையில்தான் நிற்பேன். அப்புறம் நம் கேட், மாடிப்படி, உங்கள் அறை, அந்த அறையின் ஃபேன், அம்மா சிரிக்கிற மாதிரி ஒன்று (அவளைச் சிரிக்க வைக்க ஒன்பது தடவை எடுத்தேன்), குளியலறை வாளி, தட்டில் இட்லி. கோதைக்கு ஒவ்வொன்றாகக் காட்டு, வரிசையை மட்டும் மாற்றாதே. வீட்டிலும் சில மாற்றம் செய்திருக்கிறோம். பாட்டுப் பாடுகிற காலிங் பெல்லைக் கழற்றிவிட்டேன், வருகிறவர்கள் கேட்டைத் தட்டட்டும். குக்கர் விசில் வேண்டாம் என்று அம்மா மூன்று வாரமாகப் பானையில் வடித்துப் பழகுகிறாள், முதல் வாரம் சாப்பிட்டது சாதமா கூழா என்று தெரியவில்லை, இப்போது பிரமாதம். முதல் நாலு நாள் யாரும் வர வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. ஏன் என்று கேட்டவர்களிடம், பயண அலுப்பு என்று மட்டும் சொன்னேன். பெரியம்மாவுக்குக் கோபம், நீ வந்ததும் சமாதானம் செய்துகொள்ளலாம்.

ஒருவரிடம் மட்டும் உன் பேச்சை மீறி உண்மையைச் சொல்லிவிட்டேன். உன் மாமியாரிடம். திட்டுவதானால் திட்டு, ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு. போன வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். உங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அவர்கள் வீட்டில் ஒரு வருஷம் நம்மோடு முகம் கொடுத்துப் பேசாதது உனக்கு மறந்திருக்காது, எனக்கும் மறக்கவில்லை. என்ன சொல்லப் போகிறாரோ, எங்கள் வம்சத்தில் இப்படி இல்லை என்று ஆரம்பிப்பாரோ என்று காவேரிப் பாலம் முழுவதும் மனசுக்குள் பதில் தயார் செய்துகொண்டே போனேன். மகாலட்சுமி அம்மாள் கல்யாணப் பட்சணத்துக்குப் பருப்பு காய வைத்துக்கொண்டிருந்தார். வாங்கோ சம்பந்தி என்று உட்கார வைத்து மோர் கொடுத்தார். நான் குடிக்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் காய்கிற பருப்பைக் கையால் பரப்பிவிட்டார். பிறகு, “எனக்கு மார்கழியிலேயே மனசுல பட்டுது சம்பந்தி. கார்த்தால வீதியில பஜனை கோஷ்டி போச்சே, குழந்தை ஊஞ்சல்ல உக்காந்துண்டு அதையே ஒரு மணி நேரம் முனகிண்டிருந்தது. வார்த்தை ஒண்ணும் கிடையாது, ஸ்வரம் துளி தப்பலே. யார்கிட்டயும் மூச்சு விடலே நான். சொன்னா, எங்கே பாடு பாடுன்னு எல்லாருமா அதும் பிராணனை எடுத்துடுவா” என்றார். நான் தயார் செய்து கொண்டு போன பதில் அத்தனையும் வீண். ஏழு மாதமாக அந்த அம்மாள் நம் குழந்தையின் ரகசியத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார், நாம் அவரிடம் மறைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மோரைக் குடிப்பது போலச் சமாளித்தேன்.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து கல்யாண நாளைப் பற்றிப் பேசினோம். முகூர்த்தம் காலை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள். கெட்டிமேளத்தைக் குறைத்து வாசி என்று யாரிடமும் சொல்ல முடியாது, தாலி கட்டும்போது அது கொட்டித்தான் ஆக வேண்டும். அந்தச் சத்தத்தில் கோதையை உட்கார வைப்பது நடக்காத காரியம். அவள் மாப்பிள்ளை வீட்டுப் பேத்தி ஆயிற்றே, மண்டபத்தில் இல்லாவிட்டால் நாலு பேர் கேட்பார்களே என்று நான் இழுத்தேன். மகாலட்சுமி அம்மாள், “குழந்தை மண்டபத்துல இருந்தாத்தான் ஆசீர்வாதம்னு யார் சொன்னா? பெருமாளுக்கு எங்க அகம் தெரியாதா?” என்று கேட்டார். கல்யாண வீட்டில் இடத்துக்காக ஊஞ்சலைக் கழற்றி வைப்பது வழக்கமாம், இந்தத் தடவை கழற்றப் போவதில்லை என்று அங்கேயே தன் கணவரின் அண்ணாவிடம் சொல்லிவிட்டார். அந்த ஒரு மணி நேரம் எல்லாரும் மண்டபத்தில் இருப்பார்கள், வீடு நிசப்தமாக இருக்கும், மேளச் சத்தம் எட்டாது, நான் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நான் குழந்தையோடு அங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். அவர் பதறிப் போய், சம்பந்தி இல்லாமல் சபை எப்படி, உங்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை இருக்கே என்றார். முன் வரிசை நாற்காலியும் மாலையும் என்றால் உன் அப்பனுக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும், ஊரில் ஒருவர் பத்திரிகையில் என் பெயரை விட்டுவிட்டார் என்று ஒன்றரை வருஷம் அவரோடு பேசாமல் இருந்தவன் நான். ஆனாலும் எனக்கு அந்த நாற்காலி வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. கடைசியில் அவர், “மாலையை அகத்துக்கே அனுப்பிடறேன், ஊஞ்சல்ல உக்காந்தே போட்டுக்கோங்கோ” என்றார்.

நீ பயப்படுவாய். கோதை என்னிடம் தங்குவாளா என்று எனக்கும் தெரியாது, அவளுக்கு என்னைப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நான் நடந்துகொண்டது அப்படி. அதனால் இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து இங்கே காலை ஏழு மணிக்கு, அங்கே சாயங்காலம் ஏழரை, வீடியோவில் ஐந்து நிமிஷம் மட்டும் வருகிறேன். அவளைப் பேசச் சொல்ல மாட்டேன், தாத்தாவுக்கு டாட்டா சொல்லு என்று நீயும் சொல்ல வேண்டாம். நான் பாட்டுக்குத் தாளில் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். அவள் பார்த்தால் பார்க்கட்டும், பார்க்காவிட்டால் போகட்டும். இது சம்ரீன் சொன்ன யோசனை. முகூர்த்தத்தன்று சம்ரீனும் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள், பெரிய உதவி. அத்தனையும் மீறி கோதை உன்னைத் தேடி அழுதால் உடனே உனக்குப் போன் வரும், நீ வந்துவிடலாம், மண்டபத்துக்கு நடந்தால் ஆறு நிமிஷம், மெதுவாக நடந்தும் வேகமாக நடந்தும் பார்த்துவிட்டேன். ஆவணி பிறக்கும் வரை டிக்கெட்டைக் கேன்சல் செய்யாமல் வைத்திருப்பதாக மாப்பிள்ளை என்னிடம் தனியாகச் சொன்னார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் கேட்பது இது ஒன்றுதான். வா. அவளையும் கூட்டிக்கொண்டு வா. அவள் பேசாமலே வரட்டும், அட்டையைப் பிடித்துக்கொண்டே வரட்டும், பாதி நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டே இருக்கட்டும், இந்த வீட்டில் அவளுக்கு வழி இருக்கிறது.

கோதைக்கும் உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள், ஸ்கூலில் எழுதிக் கொடுத்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு இருக்காதே, அது அவர்கள் பைலுக்கு எழுதியது. கடைசியாக ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும். வித்யா கடைசியாக எப்போது ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இலை முழுவதும் சாப்பிட்டு எழுந்தாள் என்று நேற்று உன் அம்மாவைக் கேட்டேன். அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, தெரியலீங்க என்றாள். அதனால் சொல்கிறேன், தாலி கட்டி முடிந்ததும் எங்களைத் தேடி ஓடி வராதே. முதல் பந்தியில் உட்கார். சாதம் சூடாக இருக்கும்போதே சாப்பிடு, சாம்பார், ரசம், மோர் என்று ஒன்றையும் விடாதே, பாயசத்தை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக்கொள். கையலம்பிவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, மெதுவாக வா. அது வரைக்கும் உன் மகள் என் பொறுப்பு.

என்றும் உன் நினைவாக,
அப்பா
தாயுமானவன்